பெண்ணியம்: ஆதரிப்பவர் சொல்வதும் எதிர்ப்பவர் சொல்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தியில், கல்லூரிக் கருத்தரங்கில், ஒருமுறை பல் மருத்துவரிடம் காத்திருந்த வரிசையில் என்று பல இடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வந்தவர்கள், மீதிப் பேர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்தவர்கள். யார் எந்த ரகம் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை.

பெண்ணியம் என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஆண்களுக்கு உள்ள உரிமைகளும் வாய்ப்புகளும் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தும், அதைப் பெறுவதற்கான இயக்கமும். அகராதிகள் ஏறக்குறைய இதைத்தான் சொல்லும். ஒரு வரிதான் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் இந்த வரியை வைத்து எந்த வாக்குவாதமும் இதுவரை முடிந்ததில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அப்புறம் எதற்குச் சண்டை?

இரண்டு தரப்பும் வேறு வேறு இடத்திலிருந்து வரையறையை எடுக்கிறார்கள். ஆதரிப்பவர் கொள்கையைக் காட்டி, 'சமத்துவம் வேண்டும் என்கிறோம், இதில் என்ன தப்பு' என்பார். எதிர்ப்பவர் தான் பார்த்த ஆளைக் காட்டி, 'நேற்று மேடையில் ஒரு அம்மா பேசியதைக் கேட்டீர்களா, அதுதான் பெண்ணியம்' என்பார். ஒருவர் கையில் இருப்பது சமையல் குறிப்பு, இன்னொருவர் வாயில் இருப்பது சாம்பார். உப்பு கூடிவிட்டது என்று இவர் சொல்ல, குறிப்பில் சரியாகத்தானே போட்டிருக்கிறது என்று அவர் காட்டுகிறார்.

இரண்டிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. அகராதி வரையறை எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சமத்துவம் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்பவர் இன்று அபூர்வம். அப்படியானால் ஊரே பெண்ணியவாதிகள்தான், யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எதிர்ப்பவரின் வரையறையோ, ஊர்வலத்தில் நூறு பேர் போனால் சட்டை கிழிந்தவனை மட்டும் படம் எடுத்து, 'பாருங்கள், ஊர்வலம்' என்பது போல.

அதனால் யார் வரையறை சொன்னாலும் நான் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோரிக்கை என்ன என்று கேட்பேன். எந்தச் சட்டம், எந்தச் சொத்து, எந்த வேலை, யாருடைய சம்மதம்? அங்கேதான் உண்மையில் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

ஆதரிப்பவர்கள் எல்லோரும் ஒரே வரையறையைத்தான் சொல்கிறார்களா?

இல்லை. வெளியாட்களோடு போடும் சண்டையைவிட உள்ளே நடக்கும் சண்டை பெரிது. சட்டத்தில் சம உரிமை கிடைத்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்பவர்கள் ஒரு பக்கம். வீட்டு வேலைக்குக் கூலி இல்லாத வரை சட்டம் ஒன்றும் செய்யாது என்று இடதுசாரிகள் இன்னொரு பக்கம். குடும்பம், தாம்பத்தியம், தாய்மை எல்லாவற்றிலும் ஆதிக்கம் ஊடுருவியிருக்கிறது என்பவர்கள் மூன்றாவது பக்கம்.

'ஆணுக்குப் பெண் சமம்' என்ற வாசகத்தையே கேள்வி கேட்டவர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ். ஆண்களே தங்களுக்குள் சமமாக இல்லாதபோது எந்த ஆணோடு சமம் கேட்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. நம்மூரில் வைத்துப் பாருங்கள். நடவுக்குப் போகும் பெண் யாரோடு சமமாக வேண்டும்? வயல் வைத்திருப்பவரோடா, அந்த வயலில் வரப்பு வெட்டும் ஆளோடா? வரப்பு வெட்டுபவரோடு என்றால் கூலியில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதற்கே 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. இன்றும் கிராமத்தில் போய்க் கூலி என்ன என்று கேட்டால், 'ஆம்பளை ஆளுக்கா, பொம்பளை ஆளுக்கா' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அதனால்தான் ஹூக்ஸ் வரையறையை மாற்றினார். பாலின ஆதிக்கத்தையும் அதன் பெயரால் நடக்கும் சுரண்டலையும் ஒடுக்குமுறையையும் முடிவுக்குக் கொண்டுவரும் இயக்கம் என்றார். இதில் ஆண் என்ற சொல்லே எதிரியாக வராது. எனக்கு அகராதியைவிட இது பிடிக்கும். ஆனால் பந்தியில் உட்கார்ந்து சொல்ல முடியாது, நீளம்.

எதிர்ப்பவர்கள் சரியாக என்னதான் சொல்கிறார்கள்?

இங்கேயும் ரகங்கள் உண்டு. ஒரு கோடியில் பேட் ராபர்ட்சன். இவர் அமெரிக்காவின் தொலைக்காட்சி மதபோதகர். 1992-இல் நிதி கேட்டு அனுப்பிய கடிதத்தில், பெண்ணியம் என்பது கணவனை விட்டுப் போகவும், பிள்ளைகளைக் கொல்லவும், பில்லிசூனியம் செய்யவும், முதலாளித்துவத்தை அழிக்கவும், தன்பாலீர்ப்பாளர்களாக மாறவும் பெண்களைத் தூண்டும் இயக்கம் என்று எழுதினார். ஐந்து குற்றச்சாட்டும் ஒரே மூச்சில். எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பேசுவதில்லை. இதை மட்டுமே எடுத்துக் காட்டி, 'பாருங்கள், எதிர்ப்பவர்கள் எல்லாம் இப்படித்தான்' என்றால் அதுவும் சட்டை கிழிந்தவனைப் படம் எடுக்கும் வேலைதான்.

இன்னொரு கோடியில் கிறிஸ்டினா ஹாஃப் சாமர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியை. 1994-இல் அவர் பெண்ணியத்தை இரண்டாகப் பிரித்தார். சட்டமும் வாய்ப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று, அதைத் தான் ஏற்பதாகச் சொன்னார். சமூகம் முழுவதையும் ஆணாதிக்க அமைப்பாகப் பார்ப்பது இன்னொன்று, அதை மறுத்தார். அவர் தன்னைப் பெண்ணியவாதி என்றே சொல்லிக்கொள்கிறார். பல பெண்ணியவாதிகள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்த இரண்டாவது ரகத்திடம் ஒரு நியாயமான முறையீடு இருக்கிறது. 'ஒரு குறிப்பிட்ட கோரிக்கையை நாங்கள் மறுத்தால், சமத்துவத்தையே மறுப்பதாகச் சொல்லி வாயை அடைக்கிறார்கள். நெருக்கினால் அகராதிக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள்' என்கிறார்கள். நானும் அப்படி ஒளிந்திருக்கிறேன்.

இது மேல்நாட்டு இறக்குமதிதானே?

சொல் இறக்குமதிதான். பிரெஞ்சுக்காரி யூபெர்தீன் ஓக்லேர் 1880களில் தன் வாக்குரிமைப் போராட்டத்துக்கு 'ஃபெமினிசம்' என்ற அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சொல் இறக்குமதி என்பதால் சரக்கும் இறக்குமதி என்றால், ஜனநாயகத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சரக்கைப் பார்ப்போம். பாரதி பெண் விடுதலைக்கு ஆரம்பப் படிகள் என்று ஒரு பட்டியல் போட்டார். ருதுவாகும் முன் கல்யாணம் கூடாது. இஷ்டமில்லாத புருஷனைக் கட்டிக்கொள்ள வற்புறுத்தக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் விட்டு நீங்க நினைத்தால் இடம் கொடுக்க வேண்டும், அதற்காக அவமானப்படுத்தக் கூடாது. தகப்பன் வழிச் சொத்தில் சமபங்கு. கல்யாணமே வேண்டாம் என்று தொழில் செய்து கௌரவமாக வாழ நினைப்பவளுக்கும் இடம். பட்டியல் இன்னும் போகிறது. இதில் தத்துவ வரையறை ஒன்றுமே இல்லை, எல்லாமே காரியம். ஆமா, இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும், நழுவ வழியில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடும் அதே பாணிதான். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, எந்த உத்தியோகத்துக்கும் தடை இல்லை, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களாகப் பெண்களையே நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். செங்கல்பட்டு எந்த மேல்நாட்டில் இருக்கிறது?

பெண் விடுதலை, பெண்ணுரிமை, பெண்ணியம், பெண்ணிலைவாதம்: எல்லாம் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஆனால் காதில் விழும் விதம் வேறு. 'பெண் விடுதலை' பாரதி காலத்து நெருப்பு. 'பெண்ணுரிமை' மனு கொடுக்கும் சொல், சட்டத்தின் வாசலில் நிற்கிறது. 'பெண்ணியம்' பின்னால் வந்தது, கல்லூரி வாடை உண்டு. இலங்கைத் தமிழர்கள் 'பெண்ணிலைவாதம்' என்று எழுதுவார்கள். பெண்ணின் நிலையில் நின்று பார்ப்பது என்ற பொருள் அதிலேயே அடங்கிவிடுவதால் எனக்கு அதன்மேல் ஒரு கண்.

ஒரு வேடிக்கை. பெண்ணுரிமை என்றால் தலையாட்டும் அதே பெரியவர், பெண்ணியம் என்றால் முகத்தைச் சுளிப்பார்.

பெண்ணியம் குடும்பத்தை உடைக்கிறதே?

இந்தக் குற்றச்சாட்டு பழையது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில், மகளுக்குச் சொத்து கொடுத்தால் கூட்டுக் குடும்பம் சிதறும் என்று எதிர்த்தார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது. அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனோடு நின்றுவிட்டது. அதை மாற்றித் தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு 60 வருஷம் கழித்து! அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமாகிப் போன மகளுக்கு இல்லை. அந்தக் கதவை 2005-இல் மத்தியச் சட்டம் திறந்தது. 2005 செப்டம்பரில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை, வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

சட்டம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா இறந்து ஒரு வருஷம் முடிந்ததும் அப்பாவும் சித்தப்பாக்களும் நிலத்தைப் பிரித்தார்கள். அத்தையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். டவுன் பஸ் பிடித்து வந்தார். பத்திர எழுத்தர் தாள்களை அடுக்கி வைத்திருந்தார், மேலே கொட்டை எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. அதுதான் அந்த ஆவணத்தின் பெயர், தன் பங்கை விட்டுக் கொடுப்பதற்கான பத்திரம். சார்பதிவாளர் தலை நிமிராமல், 'சம்மதத்தோடதான் போடுறீங்களா' என்று கேட்டார். அத்தை, 'ஆமாங்க' என்றார். கையெழுத்து, கைரேகை, ஒரு சின்னக் கேமராவில் போட்டோ. வெளியே வந்ததும் அப்பா ஒரு பட்டுப்புடவையும் வெற்றிலை பாக்குத் தட்டும் கொடுத்தார். அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதியம் எல்லோரும் ஓட்டலில் ஒன்றாகச் சாப்பிட்டோம். குடும்பம் உடையவில்லை.

அன்றைக்கு உடையாமல் இருந்ததற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நான் ரொம்ப வருஷம் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன். அத்தையிடம் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்களா என்றால் இல்லை. போடாமல் இருந்திருந்தால் பிறந்த வீட்டுச் சீர், பிள்ளைகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் முறை, தீபாவளிக்குப் போய் இறங்க ஒரு வாசல் எல்லாம் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. இதைச் சம்மதம் என்பீர்களா? சட்டத்தோடு நிற்கும் பெண்ணியவாதி சம்மதம் என்பார். குடும்பத்துக்குள்ளும் அதிகாரம் இருக்கிறது என்று பார்க்கும் பெண்ணியவாதி இல்லை என்பார். மேலே சொன்ன உள்சண்டை எதைப் பற்றியது என்று கேட்டவர்களுக்கு நான் இந்தப் பத்திரத்தைத்தான் காட்டுவேன். பூமியில் வேறு எந்த மொழியிலாவது இப்படி ஒரு காகிதத்துக்கு விடுதலை என்று பெயர் வைத்திருப்பார்களா!

யாழ்ப்பாணத்தில் சொத்து பெண் பெயரில்தானே இருக்கிறது?

சீதனமாக வீடும் வளவும் பெண் பெயரில் எழுதுவது உண்மைதான். 'எங்களிடம் பெண்ணுக்குச் சொத்து இருக்கிறது, எங்களுக்கு எதற்குப் பெண்ணியம்' என்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோடு சேர்ந்த 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, கல்யாணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்க வேண்டுமானால் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சொத்து இவளது, சாவி அவருடையது. 'உரிமை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கமாக வாதாட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பெண்ணியவாதிகள் ஆண்களை வெறுப்பவர்கள்தானே?

சிலர் வெறுக்கலாம். அடிபட்டவர்களில் சிலருக்கு அந்த வெறுப்புக்குக் காரணமும் இருக்கும். ஆனால் வெறுப்பே வரையறை என்றால், மேலே சொன்ன தீர்மானங்களில் எந்த வரியில் அது இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

உள்ளாடையை எரித்தவர்கள்தானே இவர்கள்?

1968 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், அழகிப் போட்டிக்கு எதிராகப் பெண்கள் கூடினார்கள். ஒரு குப்பைத் தொட்டி வைத்து, அதில் உள்ளாடை, குதிகால் செருப்பு, பொய் இமை, தரை துடைக்கும் துடைப்பம் எல்லாம் போட்டார்கள். கடற்கரையோர மரப்பலகை நடைபாதை என்பதால் தீ வைக்க அனுமதி இல்லை. அப்போது வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் ராணுவக் கட்டாயச் சேர்க்கை அட்டையை எரித்துக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைகள் அதையும் இதையும் முடிச்சுப் போட்டன. துடைப்பத்தைப் போட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை, பாருங்கள்.

சமத்துவம் என்கிறீர்கள், அப்புறம் லேடீஸ் சீட் எதற்கு? இலவச பஸ் எதற்கு?

இது நல்ல கேள்வி. சிரித்து மழுப்பக் கூடாது.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் சமத்துவம் என்றால் லேடீஸ் சீட் தப்பு. எல்லோரும் பயமில்லாமல், இடிபடாமல் வேலைக்குப் போய்த் திரும்புவதுதான் சமத்துவம் என்றால் லேடீஸ் சீட் ஒரு தற்காலிக ஏற்பாடு. கூட்ட நேரத்து பஸ்ஸில் பின்னாலிருந்து வரும் கைக்காகத் தோள்பையை இடுப்பில் கேடயமாக வைத்துக்கொண்டு, ஊக்கை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு மாதிரிப் பதில் வரும்.

தமிழ்நாட்டில் 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண், பூ விற்கும் பெண் போன்றவர்களுக்கு மாதம் மிஞ்சும் பணம் சின்னதல்ல. அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து நிற்கும் கட்டடத் தொழிலாளி, 'எனக்கு மட்டும் என்ன கொழுத்த சம்பளமா' என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அவரைப் பெண்களின் எதிரி என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். ஏழைகளுக்கான திட்டமா, பெண்களுக்கான திட்டமா என்று அவர் கேட்பதும் வரையறை பற்றிய கேள்விதான்.

இப்போது எல்லாம் சமமாகிவிட்டதே, இன்னும் என்ன?

படிப்பில் நிறைய மாறியிருக்கிறது, உண்மை. அடுப்படியில் எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுபவர்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடும் சராசரி நேரம் 2019-இல் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். 2024-இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமானது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் இரண்டு பேருக்கும் சேர்த்து உழைத்திருக்கின்றன போல.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, பெயரில் 'உதவி' என்று போடவில்லை, 'உரிமைத் தொகை' என்று போட்டார்கள். ஒரு சொல்லில் பெண்ணிய வாதம் முழுவதும் அரசாங்கக் கோப்புக்குள் போய்விட்டது. எதிர்ப்பவர் இலவசம் என்கிறார். இன்னொரு பக்கம் சில பெண்ணியவாதிகளுக்கே உறுத்தல் உண்டு. வீட்டு வேலை பெண்ணுடையது என்று ஆயிரம் ரூபாய் கொடுத்து உறுதி செய்வது போல் ஆகாதா? எனக்கும் அந்த உறுத்தல் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் முதன்முறையாக யாரையும் கேட்காமல் கண்ணாடி மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரதட்சணைச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்களே?

அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983-இல் சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்று வருஷம் வரை சிறை. பொய்ப் புகார்கள் இருக்கின்றன. மாமியார், நாத்தனார், வெளியூரில் இருக்கும் மச்சினன் என்று குடும்பம் மொத்தத்தையும் சேர்த்து எழுதிய புகார்களும் இருக்கின்றன. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில், புகார் வந்தவுடன் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் பெண்ணியவாதிகள் ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

அதேநேரம், ஒரு சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்பது அந்தச் சட்டம் கேட்ட கோரிக்கையைப் பொய்யாக்காது. காசோலை மோசடி வழக்கிலும் பொய் வழக்கு உண்டு, அதற்காக வங்கியை இழுத்து மூடச் சொல்வதில்லை.

இது படித்த நகரத்துப் பெண்களின் சமாச்சாரம்தானே?

அலுவலகத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். ஐடி கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்ததும் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். அந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் இருக்கிறது. அரசுத் திட்டத்தின் ஊர்ப் பணியாளரான பன்வாரி தேவி, குயவர் சாதிப் பெண். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் ஆதிக்க சாதிக்காரர்கள் தன்னைக் கூட்டாக வல்லுறவு செய்தார்கள் என்று புகார் கொடுத்தார். 1995-இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தச் சம்பவத்தையொட்டிப் பெண்கள் அமைப்புகள் ஏற்கெனவே தொடுத்திருந்த வழக்கில்தான், வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகள் 1997-இல் வந்தன. குளிரூட்டப்பட்ட அறையில் கிடைத்த பாதுகாப்புக்கு விலை கொடுத்தது ஒரு கிராமத்துப் பெண். அவருக்கு நீதி கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்படியானால் சாதி? தலித் பெண்கள் ஏன் தனி அமைப்பு வைத்தார்கள்?

'பெண்கள்' என்ற சொல்லுக்குள் தாங்கள் இல்லை என்று அவர்கள் கண்டதால். 1995-இல் ரூத் மனோரமா போன்றவர்கள் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். வீட்டுக்குள் அடைபட்டிருப்பதுதான் பெண்ணின் துயரம் என்று ஒரு பெண் எழுதும்போது, அவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவள் எந்த வீட்டில் அடைபட்டிருக்கிறாள்? பெண்ணியத்துக்கு வெளியிலிருந்து வந்த விமர்சனங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும், எனக்கு இந்த உள்விமர்சனத்தின் எடைதான் அதிகம்.

இதற்குப் பழைய உதாரணமும் உண்டு. 1920களின் இறுதியில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் முயன்றார். அந்தச் சூழலிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பேசினார். பெங்களூர் நாகரத்தினம்மாளும் தேவதாசிச் சங்கங்களும் அதை எதிர்த்தார்கள். எங்கள் கலை, எங்கள் சொத்துரிமை, எங்கள் கௌரவம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் விபசாரம் என்று எழுதிவிடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். முழுத் தடைச் சட்டம் 1947-இல் வந்தது. ஒழித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்று பேரும் பெண்கள், மூன்று பேரும் பெண்ணின் கண்ணியம் என்றே பேசினார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பெண்களே பெண்ணியத்தை எதிர்த்தால்?

எதிர்க்கலாம். அமெரிக்காவில் பெண்களின் சம உரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தைத் தடுத்ததில் பெரிய பங்கு ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி என்ற பெண்ணுக்கு உண்டு. 1972-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்துக்கு 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 1982 கெடுவுக்குள் 35-இல் நின்றுவிட்டது. ராணுவக் கட்டாயச் சேர்க்கையிலிருந்து விலக்கு, கணவன் காப்பாற்ற வேண்டும் என்ற கடமை போன்ற சலுகைகளைப் பெண்கள் இழப்பார்கள் என்பது அவர் வாதம். இல்லத்தரசியின் பெருமையைப் பேசிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார், இடையில் சட்டப் படிப்பும் முடித்தார்.

நம்மிடம் இன்னும் சிக்கலான ஆள் ஒருவர் இருக்கிறார். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் பெண்களுக்காகப் பெரிய கல்லூரி கட்டினார். அதே இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார். அவர் 1930-இல் இறந்தார், அடுத்த வருஷம் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். அவரைப் பெண்களின் நண்பர் என்பதா, எதிரி என்பதா? கல்வி என்ற கோரிக்கையில் ஒரு பக்கம், வாக்கு என்ற கோரிக்கையில் மறுபக்கம். பெயரைக் கேட்காதீர்கள், கோரிக்கையைக் கேளுங்கள் என்று நான் முணுமுணுப்பது இதனால்தான்.

'நான் பெண்ணியவாதி இல்லை, ஆனால்...' என்று சொல்பவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். 'ஆனால்' என்பதற்குப் பிறகு வருவதைக் கவனமாகக் கேளுங்கள், போதும்.

உங்கள் அத்தை பெண்ணியவாதியா?

இதைக் கேட்டவள் என் மகள். போன வருஷம் மாமா இறந்த பிறகு அவர் பெயரிலிருந்த நிலத்தை மாற்றி எழுத உட்கார்ந்தார்கள். பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் மகன் பெயருக்கு ஒரே பத்திரம், மகள் விடுதலை எழுதித் தருவாள் என்று ஆரம்பித்தார். அத்தை திண்ணையிலிருந்தே, 'மூணு பங்கா எழுதுங்க. எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு' என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை அவனைப் பார்க்கவில்லை, பாக்கை இடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'அத்தை, இதுக்குப் பேருதான் பெண்ணியம், தெரியுமா' என்றேன்.

'அதெல்லாம் படிச்சவங்க பேச்சு, என்னமோ சொல்லிக்கோ' என்றார். 'அந்தாளு கெணத்துப் பாத்தியத்த விட்டுட்டு எழுதுறார் பாரு, அதையும் மூணா சேர்க்கச் சொல்லு.'